நிப்புல பூசுன சந்தனம்

தம்பி, உங்க சட்டைப் பையில சொருகியிருக்கீங்களே, அது மை ஊத்துற பேனாவா?

ஆமாவா? அப்படின்னா கோவிச்சுக்காதீங்க, அதக் கொஞ்சம் எடுத்து அந்த பேக்குக்குள்ள போட்டுக்கங்க. சே சே, திருடன்லாம் கிடையாது நான். இன்னைக்கு அது என் கண்ணுல படாம இருந்தாப் போதும், அம்புட்டுதான். மாட்டுத்தாவணியில ஏறுனதுலேருந்து நானும் ஜன்னலப் பாக்குறேன், கண்டக்டர் முதுகப் பாக்குறேன், கண்ணு திரும்பத் திரும்ப உங்க சட்டைப் பையிலயே போயி உக்காருது. ஆங்... அப்படித்தான். ஜிப்பையும் போட்டுருங்க. நல்லாருப்பீங்க.

விருதுநகர்தான போறீங்க? நானும் அங்கதான். அப்ப செண்பகமூர்த்தி அண்ணாச்சி மண்டி தெரியுமே? வத்தல், மல்லி கமிஷன் மண்டி. தெரியாதா? ஓ, வெளியூரா? வெளியூர்னா ரொம்ப நல்லது. உங்ககிட்ட தாராளமாப் பேசலாம். நீங்க அவருகிட்ட போயி வத்தி வைக்க மாட்டீங்க.

நான் அந்த மண்டியிலதான் இருக்கேன். பால்ச்சாமின்னு பேரு. என்ன வேலைன்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியாது. மூடைக்கு மார்க்கும் போடுவேன், லாரிக்காரன்கூட சண்டையும் போடுவேன், அண்ணாச்சி வீட்டுக்குக் கறிவேப்பிலையும் வாங்கிட்டுப் போவேன். அண்ணாச்சி கூப்பிட்டா ஓடணும். அதான் வேலை. மீசை மொளச்ச காலத்துலேருந்து ஓடுறேன். இப்ப மீசை நரைச்சிருச்சு, ஓட்டம் இன்னும் நிக்கல.

அண்ணாச்சி கூப்பிடுறது எப்படி இருக்கும் தெரியுமா? இருங்க, தொண்டையச் சரி பண்ணிக்கிறேன்.

"ஏலேய்ய்ய்... பால்ச்சாமீ!"

பாத்தீங்களா, டிரைவரே கண்ணாடியில பாக்குறாரு. மன்னிச்சுக்கம்மா, புள்ளய முழிக்க வச்சுட்டேன், இனிமே கத்தல, நீ தட்டிக் குடு. தம்பி, இது பாதிக் குரல்தான். முழுசாப் போட்டா வண்டி ஓரமா நின்னுரும்.

எனக்கு அது ஒரு வியாதி மாதிரி. யாரப் பாத்தாலும் அவுங்க குரல் என் தொண்டையில வந்து ஒட்டிக்கிரும். அண்ணாச்சி இல்லாத நேரம் லோடு ஏத்துறவங்க எல்லாம் என்னயச் சுத்தி உக்காந்து, "அண்ணே, ஒருக்கா போடுண்ணே"ம்பாங்க. போடுவேன். விழுந்து விழுந்து சிரிப்பாங்க. ஆனா ஒரு கூத்தக் கேளுங்க, என் வாயிலேருந்து வர்ற அவரு குரலக் கேட்டு எனக்கே உடம்பு ஒரு தடவ தூக்கிப் போடும். அம்புட்டு பயம்.

அடிப்பாரான்னு கேக்குறீங்களா? இதுவரைக்கும் ஒரு அடி அடிச்சது கிடையாது. அதான் இன்னும் பயம். ஒரு தடவ அடிச்சிருந்தா எவ்வளவு வலிக்கும்னு தெரிஞ்சு போயிருக்கும்ல? தெரியாமயே இத்தன வருசம் ஓடிருச்சு.

சரி, பேனாவுக்கு வர்றேன்.

அண்ணாச்சிகிட்ட ஒரு பேனா இருக்கு. கருப்பு. முருங்கக்காய் தடிமன். அவரு கல்யாணத்துக்கு மாமனாரு குடுத்தது. நெஞ்சுப் பையில அது இல்லாம அவரப் பாத்தவன் ஊர்லயே கிடையாது. எந்தக் கையெழுத்தா இருந்தாலும் அதுலதான். வேற ஒருத்தன் தொடக் கூடாது. மேசையிலேருந்து உருண்டு விழுந்தாக்கூட அவரேதான் குனிஞ்சு எடுப்பாரு, அந்தத் தொந்தியோட.

வருசத்துல ஒரே ஒரு நாள்தான் அது என் கைக்கு வரும். ஆயுத பூசை அன்னைக்கு. தராசு, குத்தூசி, சாக்குக் கொக்கி, லாரி, எல்லாத்தையும் கழுவி சந்தனம் குங்குமம் வைக்கிறது என் பொறுப்பு. பேனாவத் தாம்பாளத்துல வச்சு மூடி மேல ஒரு பொட்டு. அம்புட்டுதான் வழக்கம். இந்த வருசம் எனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு.

ஏன்னா தெய்வானையக்காவுக்குக் கால் சரியில்ல. அண்ணாச்சி சம்சாரம். சுகர் இருக்கு. கட்டில் கால்ல விரல இடிச்சுக்கிட்டாங்க, ஒரு சின்னக் காயம். அது ஆறவே மாட்டேன்னுருச்சு. அந்தக்கா எனக்குச் சோறு போட்ட கை தம்பி. வீட்டுக்குள்ள நொண்டி நொண்டி நடக்குறதப் பாத்தா மனசு கேக்கல. சாமிகிட்ட எதையாவது கூடுதலாச் செய்வோமேன்னு பூசை சாமானை எல்லாம் பாத்தேன். தராசுக்கு வழக்கம்போல ஆச்சு, லாரிக்கு ஆச்சு. பேனா மட்டும் மூடி போட்டு மூஞ்ச மறைச்சுக்கிட்டு இருக்கு. சரஸ்வதிக்குப் பேனாவோட முகம் தெரிய வேண்டாமா? மூடியக் கழட்டி, நிப்புக்கு நல்லா கொழகொழன்னு சந்தனத்த வழிச்சுப் பூசி, நடுவுல குங்குமம் வச்சு, "தாயே, எங்கக்கா காலப் பாத்துக்க"ன்னு கும்பிட்டு, மறுபடியும் மூடியப் போட்டு வச்சுட்டேன்.

பாத்தீங்களா, நீங்களே பல்லக் கடிக்கிறீங்க. மை பேனா வச்சிருக்குறவருக்குத்தான் புரியும்.

மறுநாள் விஜயதசமி, மண்டி லீவு. பேனாவ அண்ணாச்சி எடுத்துச் சொருகிக்கிட்டாரு, தொறக்கல. அதுக்கு அடுத்த நாள் விடியும்போது அக்காவுக்குக் கால் விரல் ரெண்டு கருத்துக் கெடக்கு. கார எடுத்துக்கிட்டு மதுரைக்கு ஓடியாந்தோம். பொண்ணு சிங்கப்பூர்ல இருக்கு, தகவல் சொல்லியாச்சு, வந்துக்கிட்டு இருக்கு. இங்க அண்ணாச்சி, அக்கா, நான். அம்புட்டுதான். நேத்து பூரா ரத்தம் எடுத்தாங்க, படம் எடுத்தாங்க. இன்னைக்குக் காலையில டாக்டரம்மா அட்டையில ஒரு பேப்பரச் சொருகிக்கிட்டு வந்துச்சு.

சின்னப் பொண்ணு. ஆனா பேசுறது ரயிலப் புடிக்கப் போற மாதிரி. "அப்பா, பேஷண்ட் சைன் ஆயிடுச்சு, நீங்க ஹஸ்பண்டுல்ல, இங்க ஒரு கையெழுத்துப் போட்டுருங்க, ரெண்டு விரல எடுத்துட்டா பாதம் தப்பிச்சிடும்ப்பா, லேட் பண்ணா பாதம் போயிடும், அதுக்கும் லேட்டானா..." அதுக்கு மேல வாயால சொல்லல தம்பி. கையக் கத்தி மாதிரி வச்சு, முட்டிக்குக் கீழ காத்துல ஒரு கோடு போட்டுக் காட்டுச்சு. அக்கா முட்டிக்குத்தான் போட்டுச்சு. நான் என் முட்டியத் தடவிப் பாத்துக்கிட்டேன்.

அக்கா என்னவோ படுத்துக்கிட்டே நர்ஸு குடுத்த பேனாவ வாங்கி ஒரே இழுப்புல கையெழுத்துப் போட்டு முடிச்சிருச்சு. அண்ணாச்சி அப்படியா? நிதானமான ஆளு. வராந்தாவுல சேர்ல உக்காந்து கண்ணாடியக் கழட்டித் துண்டால தொடச்சாரு. மாட்டுனாரு. பேப்பரப் பாத்தாரு. மறுபடியும் கழட்டித் தொடச்சாரு. சட்டை மேல் பட்டனப் போட்டாரு, அவுத்தாரு. பெரிய மனுசங்க எதையும் அவசரப்பட்டுச் செய்ய மாட்டாங்க பாருங்க.

அப்புறம் பேனாவ எடுத்தாரு. மூடியத் திருகுனாரு.

அந்த நேரம் வரைக்கும் எனக்குச் சந்தனம் ஞாபகமே இல்ல தம்பி. சத்தியமா. மூடி தொறந்ததும் ஒரு வாசம் வந்துச்சு பாருங்க, ஆஸ்பத்திரி மருந்து வாசத்துக்கு நடுவுல, கோயில் வாசம். அப்பத்தான் நான் பண்ணுன காரியம் ஞாபகத்துக்கு வந்துச்சு.

பேப்பர்ல வச்சு இழுத்தாரு. ஒண்ணும் வரல. அழுத்துனாரு. ஒண்ணும் வரல.

"எழுதல."

அம்புட்டுதான் சொன்னாரு.

பக்கத்துல ஒரு நர்ஸு. மேசையில நூல் போட்டுக் கட்டி வச்சிருப்பாங்கல்ல பால் பேனா, அத நீட்டி, "இந்தாங்கய்யா, இதுல போடுங்க"ன்னுச்சு.

"கட்டிப் போட்ட பேனாவுல நான் கையெழுத்துப் போடுறது இல்லம்மா."

அந்தப் பொண்ணு சளைக்கல. பல்லால நூலக் கடிச்சு அறுத்து, "அவுத்துட்டேன், இந்தாங்க"ன்னுச்சு.

"பால் பேனா எனக்கு ஆகாது."

டாக்டரம்மா தன்னோடத எடுத்து நீட்டுச்சு. "இது ஜெல்லுப்பா."

"அதுவும் ஆகாது."

"அப்பா, தியேட்டர் ரெடியா இருக்கு. நீங்க போடலன்னா அடுத்த பேஷண்ட உள்ள எடுத்துருவாங்க."

"எடுக்கட்டும்மா. பாவம், அவுங்களும் எவ்வளவு நேரம்தான் காத்துக் கெடப்பாங்க?"

கேட்டீங்களா? தன் சம்சாரம் அந்த நெலமையில படுத்துக் கெடக்கு, அப்பவும் அடுத்தவங்களுக்கு வழி விடுறாரு. அண்ணாச்சி மனசு அண்ணாச்சிக்குத்தான் வரும். எனக்கு அழுகையே வந்துருச்சு. இப்பேர்ப்பட்ட மனுசனுக்குப் போயி இந்தத் துரோகத்தப் பண்ணிட்டேனே, நான் பூசுன சந்தனம் அக்கா கால முட்டியோட கொண்டு போகப் போகுதேன்னு.

அப்பத் திரும்பி என்னயப் பாத்தாரு. "பால்ச்சாமி."

'ஏலேய்' இல்ல. வெறும் பால்ச்சாமி.

"இதச் சரி பண்ணிட்டு வா. அவசரமில்ல. நிதானமாப் பண்ணு."

தம்பி, இத்தன வருசத்துல அந்த மனுசன் வாயிலேருந்து 'அவசரமில்ல'ன்னு ஒரு சொல்லு நான் கேட்டது கிடையாது. தீ வாங்க அனுப்புனாக்கூட பத்த வச்சுக்கிட்டே வாம்பாரு. அவரு 'நிதானமா'ன்னா என்ன அர்த்தம்? உன்னய அப்புறம் வச்சுக்கிறேண்டான்னு அர்த்தம். பேனா அவரு கையிலேருந்து என் கைக்கு வரும்போதே கடகடன்னு ஆடுது. யாரு கை ஆடுச்சுன்னு கேக்காதீங்க, என் கைதான். அவரு கையும் ஆடுச்சு. அது கோவத்துல.

ஓடுனேன். வராந்தா கடைசியில கை கழுவுற தொட்டி. பேனா கழுத்தத் திருகிக் கழட்டி, உள்ள இருந்த மைய, என் தோள்ல தொங்குன அக்கா பிளாஸ்க் மூடியில ஊத்தி வச்சேன். நிப்பப் பாத்தா, சந்தனம் காஞ்சு சிமெண்டு பூசுன மாதிரி நிக்குது. நடுப் பொளவுல குங்குமம் போயி அடைச்சுக்கிட்டு இருக்கு. நகத்தால சுரண்டுனேன். குழாய்த் தண்ணியில காட்டுனேன். ஒண்ணும் ஆகல. ஒதறுனேன். ஒதறுன ஒதறுல உள்ள ஒட்டிக்கிட்டு இருந்த மை எல்லாம் செவத்துல போயி அப்பிக்கிச்சு. வாட்ச்மேன் பாத்துட்டாரு. "யோவ்! நேத்துத்தான்யா வெள்ளையடிச்சது!" வேற நாளா இருந்தா அந்தாளு குரல அவருகிட்டயே திருப்பிப் போட்டிருப்பேன். இன்னைக்கு என் தொண்டையில என் குரலே இல்ல.

பிளாஸ்க்குல வெந்நி இருந்துச்சு. ரொம்பச் சூடு ஆகாது, நிப்புக்கு அடியில இருக்குற கட்டை வளைஞ்சு போகும்ல, அதனால ஒரு டம்ளர்ல பச்சத்தண்ணி கலந்து அதுக்குள்ள பேனா கழுத்த நிப்போட ஊறப் போட்டேன். ஊறுற நேரம் இருக்கே... உள்ள ஒரு உசுரோட கால் இருக்கு தம்பி. இங்க நான் பேனாவ ஊறப் போட்டுட்டு நிக்குறேன்.

நூலக் கடிச்ச நர்ஸு அந்தப் பக்கம் போச்சு. "சிஸ்டர், ஒரு சிரிஞ்சு குடுங்க. ஊசி வேண்டாம், குழாய் மட்டும்."

"எதுக்குண்ணே? பேனாவுக்கு ஊசி போடப் போறீங்களா?"

"ஆமா சிஸ்டர். சீரியஸா இருக்கு."

சிரிச்சுக்கிட்டே ஒண்ணு குடுத்துச்சு. சிரிஞ்சுல வெதுவெதுப்பான தண்ணிய இழுத்து, பேனா கழுத்துப் பக்கம் வச்சு ஒரு அழுத்து. மொதல்ல வரவே இல்ல. ரெண்டாவது அழுத்துல மஞ்சத் தண்ணி சொட்டுச்சு. அப்புறம் செவப்பு. அப்புறம் நீலம். அக்கா கால்ல இருக்குற கெட்டதே வெளிய வர்ற மாதிரி இருந்துச்சு எனக்கு. தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் அழுத்துனேன். வேட்டி முனையால நிப்ப ஒத்தி எடுத்து, மைய மறுபடியும் ஊத்தி, திருகி, உள்ளங்கையில ஒரு பிள்ளையார் சுழி. எழுதிருச்சு! இங்க பாருங்க, இன்னும் இருக்கு.

தலைதெறிக்க ஓடியாந்து அண்ணாச்சி கையில குடுத்தேன். வாங்குனாரு. பேப்பருக்கு மேல கொண்டு போனாரு. நின்னாரு. பேனாவ அந்தரத்துல வச்சுக்கிட்டே சொன்னாரு:

"கீறுது."

நிப்பு பேப்பர்ல பட்ட மாதிரி எனக்குத் தெரியல. ஆனா அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும். கல்யாணத்துலேருந்து அவரு கையில இருக்குற பேனா. அதோட நெளிவு சுளிவு எனக்கென்ன தெரியும்? டாக்டரம்மா என்னயப் பாத்துச்சு. நான் தரையப் பாத்தேன். "அப்பா, நான் உள்ள போயி மத்ததத் தயார் பண்றேன். வரும்போது கையெழுத்து இருக்கணும்"னு சொல்லிட்டுப் போயிருச்சு.

மறுபடியும் ஓட்டம். கேண்டீன்ல கெடந்த பழைய பேப்பர எடுத்து அதுல எட்டு போட ஆரம்பிச்சேன். லைசன்ஸுக்கு எட்டு போடுவாங்கல்ல, அதே எட்டு. அழுத்தாம, சாய்வா, இப்படி ஒரு சுத்து, அப்படி ஒரு சுத்து. நிப்பு முனையில ஏதாவது சொரசொரப்பு இருந்தா அதுல மழுங்கிரும். டீ போடுறவரு எட்டிப் பாத்தாரு, "என்னண்ணே, லாட்டரி நம்பரா?"ன்னு. நான் அடுத்த எட்டப் போட்டேன். எட்டு போட்டுப் போட்டு, கடைசியில பேனா எண்ணெயில விட்ட மாதிரி வழுக்குது. நானே மலைச்சுப் போயிட்டேன். வாங்குன புதுசுல கூட அது அப்படி எழுதியிருக்காது.

திரும்பி வர்ற வழியில அக்கா ரூமு. கதவு தொறந்து இருந்துச்சு. பச்சை அங்கியப் போட்டுப் படுக்க வச்சிருக்காங்க.

"யாரது, பால்ச்சாமியா? கையெல்லாம் என்னடா நீலம்?"

அந்தக் குரலக் கேட்டதும் எனக்கு ஒடஞ்சிருச்சு. கட்டில் கம்பியப் புடிச்சுக்கிட்டு எல்லாத்தையும் கொட்டிட்டேன். நிப்பு, சந்தனம், குங்குமம், எழுதல, கீறுது, எல்லாம். அக்கா கட்டில் குலுங்கச் சிரிச்சிச்சு. "அடப்பாவி! சாமிக்குப் பூசுடான்னா பேனா வாய்க்குள்ள திணிச்சியா?" சிரிச்சு முடிச்சிட்டு, "அவரு எங்க?"ன்னுச்சு.

"வெளிய சேர்ல."

"ஏதாவது சாப்பிட்டாரா?"

"வேண்டாம்னுட்டாரு."

"அவரு பல்லுப் புடுங்கப் போன கதை தெரியுமாடா உனக்கு? ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்து, வண்டிய விட்டு எறங்காமயே திரும்பிட்டாரு. என் பிரசவத்துக்கும் அப்படித்தான். நான் உள்ள கத்துறேன், இவரு மண்டிக்கு லோடு வருதுன்னு ஓடிட்டாரு."

"லோடு வந்திருக்கும்க்கா. சீசன் நேரமா இருக்கும்."

அக்கா என்னய ஒரு மாதிரியாப் பாத்துச்சு. "நீ போயி அவரு பக்கத்துல ஒட்டி நில்லு. பேனா தன்னால எழுதும்."

பக்கத்துல ஆளு நின்னா பேனா எழுதுமா தம்பி? மயக்கத்துக்கு முன்னாடி ஏதோ ஊசி போட்டிருந்தாங்க. அதுல சம்பந்தமில்லாமப் பேசுதுன்னு நெனச்சுக்கிட்டேன். ஆனா ஒண்ணு, அக்காகிட்டச் சொன்னதும் பாரம் கொறஞ்ச மாதிரி இருந்துச்சு. இதே கையோட அண்ணாச்சிகிட்டயும் ஒத்துக்கிட்டு அடி வாங்கிட்டா, அவரு கோவம் எறங்கி கையெழுத்துப் போட்டுருவாருன்னு ஒரு கணக்குப் போட்டேன். போயி நெடுஞ்சாண் கிடையா விழுந்துட்டேன், அந்த வராந்தாவுல.

"அண்ணாச்சி, நான்தான். நிப்புல சந்தனம் பூசுனது நான்தான்."

நான் அடிய எதிர்பாத்துக் கண்ண மூடிக் கெடக்குறேன். அடியக் காணோம். கண்ணத் தொறந்தா, அவரு முகத்துல ஒரு வெளிச்சம்.

"சந்தனமா? பூசையிலயா? நிப்புலயேவா?" எந்திரிச்சே நின்னுட்டாரு. "அப்ப இது சாமி தடுக்குதுலே! டாக்டரம்மா! எங்கம்மா போனீங்க? இன்னைக்கு வேண்டாம்மா. சாமி உத்தரவு இல்ல. ஒரு நல்ல நாளாப் பாத்து..."

டாக்டரம்மா உள்ளயிருந்து ஓடியாந்துச்சு. "என்னப்பா பேசுறீங்க? அந்தக் காலுக்கு நல்ல நாள் பாக்கத் தெரியாது!"

போச்சு. நான் போயி வாயத் தொறந்தேனா, இப்பச் சாமியையும் சாட்சிக்குக் கூட்டியாந்துட்டேன். இனிமே பேனா எழுதுனாலும் அக்கா கால் போயிரும். தரையிலயே கெடந்தேன்.

அப்பத்தான் ரூமுக்குள்ளேருந்து அந்தச் சத்தம். தெய்வானையக்கா சத்தம் போட்டு நான் கேட்டதே இல்ல தம்பி. மிமிக்ரி பண்ணக்கூட எனக்கு அந்தக் குரல் இன்னும் வசப்படல.

"என்னங்க! சாமிக்கு வேண்டாம்னா எங்கிட்ட வந்து சொல்லட்டும்! கால் என்னோடது! போடுங்க கையெழுத்த!"

வராந்தாவே நின்னு போச்சு. தள்ளுவண்டி தள்ளுறவரு கூட நின்னுட்டாரு. அண்ணாச்சி மெதுவா உக்காந்தாரு. நான் எந்திரிச்சு பேனாவ ரெண்டு கையாலயும் நீட்டுனேன்.

"எழுதுது அண்ணாச்சி. வழுக்கிக்கிட்டு எழுதுது. எங்கம்மா மேல சத்தியம்."

அவரு பேனாவப் பாக்கல. என்னயப் பாத்தாரு. பாத்தவரு, எடது கையால டக்குன்னு என் மணிக்கட்டப் புடிச்சாரு பாருங்க! அடப் பாவமே, ஓடிரப் போறேன்னு புடிச்சிட்டாரு. என்னயப் புடிச்ச புடி விடாம வலது கையில பேனாவ வாங்கி, கையெழுத்துப் போட்டாரு.

எழுதுச்சு தம்பி. ஒரு திக்கல் இல்ல, ஒரு கீறல் இல்ல. ஆனா கையெழுத்துதான்... வழக்கமா அவரு போட்டா குதிரை பாஞ்ச மாதிரி இருக்கும். இன்னைக்கு நண்டு ஊர்ந்த மாதிரி இருந்துச்சு. நிப்புலதான் இன்னும் கோளாறுன்னு பயந்துபோயி, "இன்னொரு தடவ கழுவிட்டு வரட்டா அண்ணாச்சி?"ன்னேன்.

"வாய மூடுலே"ன்னாரு. மெதுவாத்தான் சொன்னாரு. கோவம் எல்லை தாண்டுனா சத்தம் கொறையும்பாங்கல்ல, அது.

அக்காவத் தள்ளிக்கிட்டுப் போனாங்க. எங்கள விட்டுக் கடந்து போகும்போது அண்ணாச்சி என் கைய ஒரு அழுத்து அழுத்துனாரு பாருங்க, எலும்பு பேசுச்சு. கதவ மூடுனாங்க. செவப்பு லைட்டு எரிஞ்சுச்சு. அவரு விடல. நானும் கேக்கல. அப்படியே பக்கத்துப் பக்கத்துச் சேர்ல. எனக்கு ஒண்ணுக்கு முட்டுது, சொல்ல முடியுமா? உள்ள அக்காவுக்கு ஏதாவது ஒண்ணுன்னா இங்க எனக்கு என்ன நடக்கும்னு நெனச்சு நெனச்சு உடம்பு பூரா வேர்க்குது. அவரு ஒதடு அசைஞ்சுக்கிட்டே இருக்கு, சத்தமில்லாம. என்னயத்தான் வஞ்சிருப்பாரு. கண்ணு ரெண்டும் செவந்து தண்ணியா ஓடுது. கோவம் தலைக்கு ஏறுனா சில பேருக்கு அப்படித்தான். எங்க மாமா ஒருத்தருக்கும் இருந்துச்சு.

லைட்டு அணைஞ்சுச்சு. டாக்டரம்மா வாயில கட்டியிருந்ததக் கழட்டிக்கிட்டே வந்துச்சு. ரயிலப் புடிக்கிற அவசரமெல்லாம் இல்ல. நின்னு பேசுச்சு. "நல்லபடியா முடிஞ்சதுப்பா. ரெண்டு விரல்தான். பாதம் பத்திரம்."

அப்பத்தான் என் கைய விட்டாரு. இங்க பாருங்க. வெரலு பதிஞ்சிருக்கா? தொடாதீங்க, வலிக்குது.

தொண்டையச் செருமுனாரு. அப்புறம் டாக்டரம்மாகிட்டக் கேட்டாரு, பள்ளிக்கூடத்துப் புள்ள டீச்சர்கிட்டக் கேக்குற மாதிரி: "அவ... செருப்புப் போடலாமாம்மா?"

"புண்ணு ஆறட்டும்ப்பா. ஒரு மாசம் போகட்டும். அப்புறம் தாராளமாப் போடலாம், நடக்கலாம், கோயிலுக்குப் போகலாம்."

அண்ணாச்சி துண்டால மூஞ்ச மூடிக்கிட்டு ரொம்ப நேரம் தொடச்சாரு. எடுத்ததும் என் பக்கம் திரும்புனாரு. பழைய குரல்.

"ஏலேய் பால்ச்சாமி! இப்பவே ஊருக்குப் போ. வீட்டுலேருந்து அக்கா செருப்ப எடுத்துட்டு வா."

"எந்தச் செருப்பு அண்ணாச்சி?"

"இருக்குறது பூராம். ஒண்ணு விடாம."

என்ன தம்பி சிரிக்கிறீங்க? சிரிக்கிற விசயமா இது? யோசிச்சுப் பாருங்க. ஒரு மாசத்துக்கு அக்கா செருப்பே போடக் கூடாதுன்னு டாக்டரம்மா மூஞ்சிக்கு நேராச் சொல்லிருச்சு. அப்புறம் எதுக்கு இன்னைக்கே? அதுவும் வீட்டுல இருக்குற அம்புட்டுச் செருப்பும்? யாருக்கு? நான் பண்ணுன வேலைக்கு ஒரு செருப்பு பத்தாதுன்னு முடிவு பண்ணிட்டாரு, அம்புட்டுதான். இத்தன வருசம் தெரியாம இருந்தது இன்னைக்குத் தெரிஞ்சு போயிரும்.

அக்காவுக்குச் செருப்புன்னா கொள்ளைப் பிரியம் வேற. எத்தன வச்சிருக்குன்னு அதுக்கே தெரியாது. கல்யாண வீட்டுக்கு ஒண்ணு, கோயிலுக்கு ஒண்ணு, கொல்லைக்கு ஒண்ணு. கோயமுத்தூர்ல வாங்குன தோல் செருப்பு ஒண்ணு இருக்கு, குதிகால் பக்கம் செங்கல் மாதிரி. அத மட்டும் பரண்ல தள்ளி விட்டுட்டு வந்துரலாமான்னு ஏறுனதுலேருந்து யோசிக்கிறேன். தைரியம் வரல. 'ஒண்ணு விடாம'ன்னாரே.

ஓடிரலாம்னும் ஒரு நெனப்பு வந்துச்சு. சிவகாசியில தங்கச்சி வீடு இருக்கு. ஆனா அக்கா மயக்கம் தெளிஞ்சு, பால்ச்சாமி எங்கடான்னு கேட்டா? ஆகாது. வாங்கிக்கிற வேண்டியதுதான்.

பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு பாருங்க. வர்றேன் தம்பி, எறங்கி மொதல்ல ஒரு நல்ல சாக்காப் பாக்கணும். கொல்லைக்குப் போட்டுப் போற ரப்பர் செருப்பு தேஞ்சு மெத்துன்னு இருக்கும். அத மேலாக வச்சுக் கட்டணும். அவுத்ததும் கைக்கு மொதல்ல வர்றது அதுவா இருக்கட்டும்.